வேண்டுமென்று தோற்ற தேர்வு

உடை மாற்றும் அறையின் பெஞ்சில் உட்கார்ந்து, அவன் தன் இடது மணிக்கட்டில் வெள்ளை டேப் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு முனையைப் பல்லால் கடித்துப் பிடித்து, கையைத் திருப்பித் திருப்பி மூன்று சுற்று. இறுக்கினால் விரல் நீலம் பாயும். தளர்த்தினால் வியர்வையில் நழுவித் தொங்கும். ஓரங்களைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு, பையின் உள்ஜிப்பிலிருந்து பேனாவை எடுத்தான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, உள்ளங்கைப் பக்கமாகப் பொடி எழுத்தில் ஏழு சொற்கள் எழுதினான். கதவு, ஏணி, கத்தரி, மூலை, கயிறு, வாளி, ஜன்னல்.

மற்ற பதினொரு பேருக்கும் பிசியோ அக்காதான் கட்டுப் போடுவார். இவன் மட்டும், "எனக்கு நானே போட்டுக்கிறேங்க்கா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று மூன்று மாதமாக நழுவிக்கொண்டிருந்தான். சிரமம் அக்காவுக்கு இல்லை, இவனுக்குத்தான். அந்த ஏழும் அவன் அணி களத்தில் ஆடும் ஏழு ஆட்டமுறைகளின் பெயர்கள். எல்லாருக்கும் தலைகீழாகத் தெரிந்தவை. எதை எப்போது ஆடுவது என்று கூவிச் சொல்ல வேண்டியவனுக்கு மட்டும் நினைவில் நிற்கவில்லை.

கூடைப்பந்தில் பாயிண்ட் கார்டு என்றால், பந்தைத் தட்டிக்கொண்டு முன்னே வருபவன். கூடையில் போடுவதற்கு வேறு ஆட்கள் உண்டு. யார் எங்கே நிற்க வேண்டும், யார் எப்போது ஓட வேண்டும் என்று சொல்வது இவன் வேலை. கட்டட வேலையில் மேஸ்திரி எப்படியோ அப்படி. அதனால் அணியில் அவனுக்குப் பெயரே மேஸ்திரிதான். கிளப் வாசல் காவலாளிகூட "வாங்க மேஸ்திரி" என்றுதான் கதவைத் திறப்பார்.

பதினாறு வயதில் அணித் தேர்வுக்கு வந்து நின்ற நாற்பது பேரில் அவன்தான் குட்டை. பந்தை எறிந்தால் பாதி கூடைக்கு வெளியே விழும். வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று இருந்த நேரத்தில், தேர்வாளர்கள் இருவருக்குள் வாக்குவாதம் வந்தது. பயிற்சி ஆட்டத்தில் மூன்றாவது முறை கூடையில் பந்து விழுந்தபோது அதைக் கொடுத்தது யார் என்று. ஓரமாக ஷூ மாட்டிக்கொண்டிருந்த இவன், முதல் நிமிடத்திலிருந்து யார் யாருக்குக் கொடுத்தார்கள், எந்தக் கையால், எங்கே நின்று என்று ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டான். அவனை எடுத்தது அதற்காகத்தான். பிறகு பதினெட்டு வருடம், நான்கு கிளப், இரண்டு முட்டி அறுவை சிகிச்சை. கால் மெதுவானது, முடி கொட்டியது. அதெல்லாம் அவனுக்குக் கவலையே இல்லை. வேகத்துக்கா அவனை வைத்திருந்தார்கள்?

மூன்று மாதம் முன்பு ஓர் ஆட்டத்தில் எதிரணிக்காரன் ஒருவனின் முழங்கை இவன் காதுக்கு மேலே இடித்தது. கண்ணில் பூச்சி பறந்தது. யாரும் கவனிக்கவில்லை, இவனும் சொல்லவில்லை. தலையில் அடிபடுவது விரலில் அடிபடுவது போல இல்லை. விரல் வீங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். மண்டைக்குள்ளே எது எப்படி இருந்தாலும் நெற்றி பளபளவென்றுதான் இருக்கும். அது மறைக்க நினைப்பவனுக்கு வசதி. அன்றிலிருந்து டியூப்லைட் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. தலைவலி மாத்திரை பையில் வந்து உட்கார்ந்தது. பிறகு பேனாவும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், லீக்கின் கடைசிக்கு முந்தையது. கடைசி ஆட்டம் அடுத்த சனிக்கிழமை. "சனிக்கிழமை முடியட்டும், அடுத்த ரெண்டு வருஷ ஒப்பந்தத்தைப் பத்திப் பேசிடலாம்" என்று மேலாளர் தோளைத் தட்டியிருந்தார். முப்பத்து நான்கு வயது ஆட்டக்காரனுக்கு அது சும்மா கிடைக்கும் பேச்சு இல்லை. சனிக்கிழமை ஆடாவிட்டால் பேச்சும் இல்லை. வேறு தொழில் தெரியாது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன்.

மூன்றாவது கால் பகுதி. தரையில் உருண்ட பந்துக்கு அவன் குனிந்தான். எதிரணியின் பெரிய ஆள் ஒருவன் அதே பந்துக்கு ஓடி வந்தான். அவன் முட்டி இவன் நெற்றிப்பொட்டில் பட்டது.

எழுந்துவிட்டான். மூன்று எண்ணுவதற்குள் எழுந்துவிட்டான் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். நடுவர் "சரியா இருக்கீங்களா" என்று கேட்டதற்குக் கட்டைவிரலைக் காட்டினான். பந்தை வாங்கித் தட்டிக்கொண்டு முன்னே போனான். வலது கையைத் தூக்கி, மூன்று விரலை விரித்து, இடது முழங்கையைத் தொட்டான்.

நான்கு பேரும் நட்டு வைத்தது போல நின்றார்கள்.

மறுபடி காட்டினான். மூன்று விரல், முழங்கை. இந்த அணியில் அப்படி ஒரு சைகையே கிடையாது. அணியின் நெடிய ஆட்டக்காரன் ஒருவன், ஏழடிக்கு இரண்டு விரற்கடை குறைவு, அவனுக்குக் கொடிக்கம்பம் என்று பெயர். அவன் கையை விரித்து, "என்ன மேஸ்திரி, என்ன?" என்று கத்தினான். இவனுக்கு அது காதில் விழவில்லை. வலது மூலையில் ஓர் ஆள் இந்நேரம் ஓடி வந்திருப்பான் என்ற நிச்சயத்தில், அங்கே பார்க்காமலே பந்தை எறிந்தான். மூலையில் யாரும் இல்லை. பந்து நேராகப் போய்த் தண்ணீர் பாட்டில் அடுக்கியிருந்த மேசையைச் சரித்தது. கூட்டம் சிரித்தது.

குனிந்து மணிக்கட்டைப் பார்த்தான். ஏழு சொல்லும் இருந்தன. அவன் சைகை காட்டிய ஆட்டம் அந்த ஏழில் இல்லை.

பிசியோ அக்கா கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவனை வெளியே கூட்டிவந்து உட்காரவைத்தார். அவர் பார்த்தது முட்டி பட்டதை மட்டும். தவறான சைகையை அவர் பார்க்கவில்லை. அது எந்த ஆட்டத்தின் சைகை என்று புரிந்த ஒரே ஆள் எதிரணியின் துணைக் கோச். அவர் ஆறு வருடம் முன்பு இவனோடு வேறொரு கிளப்பில் ஆடியவர். ஆட்டம் முடிந்து, கை குலுக்க வந்தபோது சிரித்தார்.

"என்னப்பா, அது நம்ம பழைய படிக்கட்டு ஆட்டம்தானே? வீடு மாத்தி ஆறு வருஷம் ஆச்சு, இன்னும் பழைய வீட்டுச் சாவியையே பூட்டுல விட்டு ஆட்டிட்டிருக்க."

"சும்மா உங்களைக் குழப்பலாம்னுதான்" என்று இவனும் சிரித்துவைத்தான்.  அந்தக் கணத்தில் அவன் எந்தக் கிளப்பில் நிற்கிறோம் என்பதையே மாற்றி நினைத்திருந்தான். மூலையில் ஓடி வர வேண்டிய ஆளின் முகம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. அந்த ஆள் ஆட்டத்தை விட்டே நான்கு வருடம் ஆயிற்று.

தலையில் அடிபட்டவனை மறுபடி களத்தில் இறக்க ஒரு நடைமுறை உண்டு. சீசன் தொடங்கும் முன், எல்லாரும் நல்ல உடம்போடு இருக்கும்போது, கணினி முன் உட்காரவைத்து ஒரு நினைவுத் தேர்வு வைப்பார்கள். பதினைந்து சொற்கள் திரையில் ஒவ்வொன்றாக வந்து போகும். இருபது நிமிடம் வேறு வேலை கொடுத்துவிட்டு, நினைவிருப்பதை எழுதச் சொல்வார்கள். அந்த மதிப்பெண்ணை எடுத்துவைத்திருப்பார்கள். நடுவில் எவனுக்காவது அடிபட்டால் அதே மாதிரி இன்னொரு தேர்வு. பழைய மதிப்பெண் வந்தால் ஆடலாம், குறைந்தால் உட்கார வேண்டும்.

இதற்கு ஆட்டக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். முதல் தேர்வை வேண்டுமென்றே மந்தமாக எழுதிவிடுவது. பிறகு அடிபட்டாலும் அந்த மந்தத்தைத் தொட்டுவிடலாம் இல்லையா. ஏழுக்கு மேல் போகாதே, நாலுக்குக் கீழே இறங்காதே, சந்தேகம் வரும் என்பது கிளப்புக்குக் கிளப்பு வாய்வழியாக வந்த கணக்கு. இந்த சீசனிலும் அப்படித்தான். தேர்வு வைத்த ஆள் வெளியிலிருந்து வந்தவர், வைத்துவிட்டுப் போய்விட்டார். வெளியே வராந்தாவில் ஒரே சிரிப்பு.

"நான் என் பேரையே மறந்துட்டேன்னு எழுதிட்டு வந்தேன்" என்றான் கொடிக்கம்பம்.

"உனக்கு அது நடிப்பு இல்லையே" என்றான் இவன்.

இவனுக்கு அன்று பதினைந்தும் வரிசை மாறாமல் நினைவிருந்தன. எதையெல்லாம் விடுவது என்று யோசித்து, இரண்டாவது, நான்காவது, ஏழாவது என்று பொறுக்கி ஆறு எழுதிவிட்டு வந்தான். ஒன்பதை மறந்தது போல் நடிப்பது அவனுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. பின்னால் தாள்களைப் பார்த்த பிசியோ அக்கா, "இந்தக் கிளப்புல தண்ணியில ஏதாவது கலக்குறாங்களா, எல்லாரும் ஆறு, அஞ்சு, ஏழுன்னு வாங்கியிருக்கீங்க" என்று கேட்டுவிட்டு, வேலை மும்முரத்தில் விட்டுவிட்டார்.

இரண்டு நாள் ஓய்வு கொடுத்து, புதன்கிழமை பகல் அவனைத் தேர்வுக்கு உட்காரவைத்தார்கள். பிசியோ அறை சிறியது. ஒரு கட்டில், ஐஸ் பெட்டி, சுவரில் முதுகெலும்பின் படம், மூலையில் கணினி. ஜன்னல் திரையை அக்கா இழுத்து மூடினார். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று அவன் சொல்லாமலே எப்படித் தெரிந்தது என்று அவனுக்குத் திக்கென்றது. திரையில் சூரியன் அடிக்கிறது என்பதற்காகத்தான் மூடினார்.

இந்த முறை அவன் நடிக்கவில்லை. எங்கே ஆறுக்குக் கீழே போய்விடுமோ என்ற பயத்தில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். ஒவ்வொரு சொல்லையும் களத்தில் ஒரு மூலையில் நிறுத்திவைத்தான். சிறு வயதிலிருந்து அவன் எதையும் நினைவில் வைப்பது அப்படித்தான். கோட்டுக்கு அருகே சீப்பு. நடுவட்டத்தில் மேகம். கூடைக்கு அடியில் குடை. இருபது நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் களத்தில் பாதி காலி.  நெற்றி வியர்த்தது. இருந்ததை எல்லாம் சுரண்டி எடுத்து எழுதினான். கடைசி ஒன்றை நெடுநேரம் தேடினான், கிடைக்கவில்லை.

அக்கா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்போ ஆறு, இப்பவும் ஆறு. கைவேகம், கண் பார்வை எல்லாம் பழையதுக்குப் பக்கத்துலயே வருது. தப்பிச்சீங்க தம்பி. வெள்ளிக்கிழமை டாக்டர் ஒருவாட்டி பார்த்துக் கையெழுத்துப் போட்டா சனிக்கிழமை இறங்கலாம்."

அவன் எழுந்திருக்கவில்லை.

"என்ன, சந்தோஷமே இல்லையா? கோச் வெளியில நகத்தைக் கடிச்சிட்டு நிக்கிறாரு, போய்ச் சொல்லுங்க."

போய்ச் சொன்னான். கோச் அவனைக் கட்டிப்பிடித்தார். "எனக்குத் தெரியும்டா, உன் மண்டை இரும்பு" என்றார். இவன் தலையை ஆட்டினான். அதுகூட வலித்தது.

தான் வேண்டுமென்று தோற்றபோது வாங்கிய மதிப்பெண்ணை, உயிரைக் கொடுத்து எழுதியும் ஒரு சொல்கூடத் தாண்ட முடியவில்லை. இது உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். தாளுக்குத் தெரியாது. தாளில் ஆறும் ஆறும் ஒன்றுதான்.

மாலை வீட்டுக்கு வந்தான். இரண்டு அறை வீடு, மூன்றாவது மாடி. மாடிப்படியில் ஏறும்போது ஒவ்வொரு தளத்திலும் நின்று, இந்த அணியின் ஏழு ஆட்டங்களை மணிக்கட்டைப் பார்க்காமல் சொல்லிப் பார்த்தான். நான்கு வந்தன. ஆறு வருடத்துக்கு முந்தைய கிளப்பின் ஆட்டங்களைச் சொல்லிப் பார்த்தான். பத்தொன்பதும் மளமளவென்று வந்தன. பழையது எல்லாம் அப்படியே இருந்தது. இப்போது ஊற்றியதுதான் ஓட்டைப் பாத்திரத்தில் ஊற்றியது போல ஒழுகிக்கொண்டிருந்தது.

மனைவி மருந்துக் கடையில் வேலை பார்த்துவிட்டு, அவனுக்கு முன்பே வந்திருந்தாள். துவைத்து உலர்ந்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு எட்டு வயது. தரையில் பள்ளிக்கூடத்துச் சொல் அட்டைகளைப் பரப்பி வைத்திருந்தாள். பூனை, சைக்கிள், தொப்பி என்று ஓர் அட்டைக்கு ஒரு படம்.

அவன் மகளின் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "வா, ஒரு விளையாட்டு. பதினஞ்சு அட்டை. பார்த்துட்டுக் கவிழ்த்து வச்சிடணும். கொஞ்ச நேரம் கழிச்சு யார் அதிகமாச் சொல்றாங்கன்னு பார்ப்போம்."

கணினிதான் தவறு, அறைதான் புழுக்கம், தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொள்ள அவனுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அட்டைகளைக் கவிழ்த்தார்கள். மகள் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள், பென்சில் சீவினாள். பிறகு விரல் விட்டு எண்ணிக்கொண்டே பதினொன்று சொன்னாள்.

அவன் ஆறு சொன்னான்.

"இன்னொரு தடவை" என்றான். இந்த முறை மகள் பத்து, அவன் ஐந்து.

"இன்னொரு தடவை."

"போப்பா. அம்மா, அப்பா வேணும்னே தோக்குறாரும்மா, விளையாட்டே நல்லா இல்ல."

மனைவியின் கையில் மடித்துக்கொண்டிருந்த சட்டை பாதியில் நின்றது. பெண் பிறந்த நாளிலிருந்து இந்த மனுஷன் ஒரு ஆட்டத்தில்கூட அவளுக்கு விட்டுக்கொடுத்தது இல்லை. பாம்பும் ஏணியும் ஆட்டத்தில் தோற்கடித்து, குழந்தையை அழவிட்டுத் தூங்கவைத்தவன். அதற்காக எத்தனை சண்டை. விளையாட்டுன்னா விளையாட்டுதான், பாவம் புண்ணியம் எல்லாம் அதுல கிடையாது என்பான்.

"நீ போய்க் கீழ் வீட்டு அக்காகிட்ட அந்தப் பாத்திரத்தைக் குடுத்துட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் டிவி பாரு" என்று மகளை அனுப்பினாள். கதவு சாத்தியதும் சட்டையைக் கீழே வைத்தாள்.

"என்ன இது?"

"ஒண்ணுமில்ல, அசதி."

"உங்க பையில மூணு அட்டை மாத்திரை காலியாக் கிடந்துச்சு. பேனா எதுக்குப் பையிலன்னு கேட்டதுக்குக் கையெழுத்து கேக்குறாங்கன்னீங்க. உங்ககிட்ட யாருங்க இப்போ கையெழுத்து கேக்குறாங்க?"

அந்த நிலைமையிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கையை நீட்டி, மணிக்கட்டின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். ஆடாத நாளிலும் பழக்கத்தில் சுற்றியிருந்த டேப்பை அவிழ்க்க மறந்து வீடு வரை வந்திருந்தான். ஏழு சொல்லையும் அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். அவன் முழங்கை இடித்ததிலிருந்து அன்று பகல் எழுதிய ஆறு வரை சொல்லி முடித்தான்.

"நான் வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் வேணும்னு தோத்திருக்கேன்" என்றான். "அது இப்படி வந்து கழுத்தைப் பிடிக்குது."

"நாளைக்குப் போய் அந்த அக்காகிட்ட இதை அப்படியே சொல்லுங்க."

"சொன்னா சனிக்கிழமை உக்காரவச்சிடுவாங்க. சனிக்கிழமை உக்காந்தா அவ்வளவுதான், அப்புறம் எப்பவுமே உக்கார வேண்டியதுதான். ஒரே ஒரு ஆட்டம். நாப்பது நிமிஷம். கீழ விழாம ஆடிட்டு வந்துடுறேன்."

"கீழ விழாம ஆட முடியுமா உங்களால?"

 தரையில் பந்து உருண்டால் குனியாமல் இருக்க அவனுக்குத் தெரியாது.

"எங்க கடைக்கு ஒரு அம்மா வர்றாங்க" என்றாள் அவள். சட்டையை மறுபடி எடுத்து மடிக்க ஆரம்பித்திருந்தாள். "மாசம் நாலு பாக்கெட் டயாப்பர், பெரியவங்களுக்கானது. வீட்டுக்காரருக்காம்மான்னு கேட்டேன். இல்லம்மா மகனுக்கு, வண்டியில இருந்து விழுந்தான், இருபத்தெட்டு வயசுன்னாங்க. அளவு சரியா இருக்கான்னு பாருன்னு பாக்கெட்டை என்கிட்டதான் குடுப்பாங்க. உங்க இடுப்பளவு எனக்குத் தெரியும். எந்த அலமாரியில எந்தத் தட்டுல இருக்குன்னும் தெரியும். நான் செய்ய மாட்டேன்னு சொல்லல. செய்வேன். குளிப்பாட்டுவேன், ஊட்டுவேன், ரெண்டு மணிக்கு ஒருவாட்டி புரட்டிப் போடுவேன். நம்ம பொண்ணு பதினஞ்சு வயசுல உங்களைப் பிடிச்சுக் கழிப்பறைக்குக் கூட்டிட்டுப் போவா. அதை நினைச்சுக்கிட்டு அந்த நாப்பது நிமிஷம் ஆடுங்க."

"வாயை மூடு" என்று கத்தினான். பக்கத்து வீட்டு ரேடியோ சத்தம் சட்டென்று குறைந்தது. அவன் எழுந்து சமையலறைக்குப் போனான். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் குழாயைத் திறந்தான், மூடினான். நிஜமாகவே தெரியவில்லை. கோபத்திலா, அல்லது அதுவும் ஒழுகிப்போனதா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் நின்றான். 

"எனக்கு வேற என்ன தெரியும் சொல்லு" என்றான், அங்கிருந்தே.  "முப்பத்துநாலு வயசு. கணக்குல ஃபெயில். என்னைய யாரு வச்சுக்குவா? எங்கிட்ட இருந்ததே அந்த ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னு நானே போய்ச் சொல்லணுமா?"

"நீங்க சொல்லாட்டாலும் அது போயிடுச்சுங்க" என்றாள் அவள்.

இரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. படுத்த பிறகு அவன் கேட்டது ஒன்றுதான். "காலையில மறந்துட்டேன்னா?"

"நான் ஞாபகப்படுத்துறேன்."

மறக்கவில்லை. வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு அவன் பிசியோ அறை வாசலில் நின்றான். அக்கா ஐஸ் பைகளை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"சீசன் ஆரம்பத்துல எழுதின ஆறு பொய்க்கா. நேத்து எழுதின ஆறுதான் நிஜம்."

அக்கா ஐஸ் அள்ளும் கரண்டியைக் கீழே வைத்தார். புரிவதற்கு அவருக்கு நேரம் ஆகவில்லை. கோபப்படுவதற்கும் ஆகவில்லை. "அறிவிருக்கா தம்பி?" என்றார். பிறகு அவனைக் கட்டிலில் உட்காரவைத்து, கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். எத்தனை முறை அடி, எப்போது, வாந்தி உண்டா, தூக்கம் எப்படி என்று வரிசையாகக் கேட்டு எழுதினார். முழங்கை பட்டதையும் சொன்னான். எழுதி முடித்து, நேற்றைய தாளை எடுத்துக் குறுக்கே கோடு போட்டார். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, பதினொரு மணிக்கு ஸ்கேன் எடுக்க நேரம் வாங்கினார்.

"இந்த வருஷம் உங்களுக்கு ஆட்டம் கிடையாது. அடுத்த வருஷம் உண்டான்னு கேக்காதீங்க, நானா இருந்தா இறக்க மாட்டேன்." அவன் தலையசைத்தான். அக்கா பேனாவை மூடப் போனவர், நிறுத்தினார். "உங்க ஆறு மட்டும்தான் பொய்யா?"

அதை அவன் எதிர்பார்க்கவில்லை. சொந்தக் கழுத்தை நீட்டிவிட்டு வரத்தான் வந்திருந்தான். பதினெட்டு வருடத்தில் இந்த விஷயத்தை வெளியே சொன்ன ஆட்டக்காரன் ஒருவனையும் அவனுக்குத் தெரியாது. சொன்னால் இனி அந்த உடை மாற்றும் அறையில் அவனுக்கு யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். ஆனால் போன மாதம் கொடிக்கம்பம் கூடையின் தூணில் தலையை இடித்துக்கொண்டதும், பழைய ஏழுக்கு மறுபடி ஏழு வாங்கி மறுவாரமே களத்தில் இறங்கியதும் நினைவுக்கு வந்தன. இதாவது நினைவுக்கு வந்ததே என்று இருந்தது.

"ஒருத்தர் மார்க்கையும் நம்பாதீங்க" என்றான். "முதல்ல கொடிக்கம்பத்தைப் பாருங்க."

ஒன்பதரைக்குப் பயிற்சி தொடங்கவில்லை. கோச் களத்தின் நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றார், இவன் பக்கம் திரும்பவே இல்லை. பதினொரு பேரும் மறுதேர்வுக்காகப் பிசியோ அறை வராந்தாவில் வரிசையாக நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அடிபடாமல் இருக்கும்போது வைக்க வேண்டிய தேர்வை இப்போது வைத்து என்ன பயன் என்று ஒருவன் முணுமுணுத்தான். அவன் கேட்டதும் சரிதான்.

"மேஸ்திரி, நல்லாப் பண்ணினே" என்றான் கொடிக்கம்பம். "போறவன் தனியாப் போகக் கூடாதா? சனிக்கிழமை ஆட்டத்துல இருந்து எங்களையும் இழுத்துட்டுப் போறியா?"

"உள்ள போ."

"போகலன்னா?"

"தூணுல இடிச்சிக்கிட்ட அன்னைக்கு எந்த டீமோட ஆடினோம், சொல்லு."

கொடிக்கம்பம் வாயைத் திறந்தான். அண்ணாந்து கூரையைப் பார்த்தான். பக்கத்திலிருந்தவன் ஏதோ சொல்ல வர, இவன் கையைக் காட்டி அவனை நிறுத்தினான்.  கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, இவன் பிசியோ அறைக் கதவைத் திறந்து பிடித்தான். கொடிக்கம்பம் எழுந்து, நிலைப்படி இடிக்காமல் தலையைக் குனிந்து உள்ளே போனான்.

"வேணும்னு தோக்காதே" என்றான் இவன், அவன் முதுகைப் பார்த்து.

கதவைச் சாத்திவிட்டு, மீதிப் பேரை ஒரு நாற்காலி முன்னே நகர்ந்து உட்காரச் சொன்னான். நகர்ந்தார்கள். பத்தே முக்காலுக்கு மனைவி கடையில் சொல்லிவிட்டு வந்து வாசலில் நின்றாள். அவன் பையை எடுத்துக்கொண்டு போய், ஸ்கேன் எடுக்கும் நேரமும் மருத்துவமனை மாடியும் எழுதிய சீட்டை அவள் கையில் கொடுத்தான். இரண்டையும் தான் மறந்து தொலைத்துவிடாமல் இருக்க.